யாரைப் பார்க்க மலையேறுகிறேன்?

மட்டக்களப்பில் நான் கண்ட மேடெல்லாம் மணல்மேடுதான். பட்டம் வாங்கி, பசறைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கு ஆசிரியையாக வந்த பிறகே மலையேறும் பைத்தியம் பிடித்தது.

ஞாயிறுதோறும் தனியாக ஏறுவதால் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் ஒரே பேச்சு: டீச்சர் மேலே யாரையோ சந்திக்கிறாராம். ஏறுவதையே விட்டுவிடலாமா என்றிருந்தேன்.

இன்று காலை, கொழுந்து பறிக்கும் முத்தம்மா வழிமறித்தார்.

"நானும் வர்றேன் டீச்சர். ஆளு யாருன்னு பார்த்துடுறேன்."

தேயிலை முடியும் இடத்தில் நின்றுவிட்டார். "இதுக்கு மேல கொழுந்தே இல்லீங்களே, எதுக்குப் போகணும்?" இருபது வருடமாக இந்த மலையில் வேலை செய்பவர், அதற்கு மேல் போனதேயில்லை.

"வாங்க அக்கா," என்று கையைப் பிடித்து ஏற்றினேன்.

உச்சியில் காற்றைத் தவிர யாருமில்லை. முத்தம்மா கீழே, தோட்ட மேலாளரின் பங்களாவைப் பார்த்தார்.

"அடியாத்தி, தொரை பங்களா இம்புட்டூண்டுதானா!"

அவர் சிரித்து முடிக்க நெடுநேரம் ஆயிற்று.

இறங்கியதும் லயத்துப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "யாருக்கா ஆளு?"

"ஆளும் இல்ல, பேயும் இல்ல. அடுத்த ஞாயிறும் நான் டீச்சரோட போறேன். வர்றவ பேரு குடுங்கடி!"

இதுவரை எட்டுப் பேர். எங்கள் இருவரோடு பத்து.

பத்துப் பெண்கள் யாரைப் பார்க்கப் போகிறார்கள் என்று லயம் இனி என்ன கதை கட்டும்? தோழிகளே, உங்கள் ஊகத்தை எழுதுங்கள்.