அற்புதசாமி வாத்தியாரின் இடது கை

“யோவ், கத்தாதய்யா, பாடு! தஞ்சாவூர் பஸ்ஸுக்கா ஆள் கூப்பிடுற?”

மாதா கோயில் முகப்புக்கு மேலே உள்ள பாடகர் மாடியில் நின்றுகொண்டு அற்புதசாமி வாத்தியார் திட்டுவது என்னைத்தான். பதினான்கு வருஷமாகத் திட்டுகிறார். நான் ரயில்வே குமாஸ்தா; அவருடைய பாடற்குழுவில் தடித்த குரல் வரிசையில் நிற்பவன். திட்டும்போதும் அவருடைய வலது கை தாளத்தை விடாது. வாயில் ஒரு பனங்கற்கண்டு ஒதுங்கியிருக்கும். தொண்டை காய்ந்து செத்தாலும் எங்களுக்கு ஒரு துண்டு தரமாட்டார், மகாபாவி.

சின்ன வயதில் கொழும்புக்குப் போய், ஊர் ஊராகச் சுற்றும் இத்தாலிய ஆப்பராக் கம்பெனி ஒன்றில் வாசிப்பவர்களுக்கு இசை நோட்டுப் பக்கம் புரட்டியவர். அங்கே பார்த்துப் பார்த்துக் கற்றதுதான் இந்த வித்தை. திருச்சிக்குத் திரும்பி, லத்தீன் பூசைப் பாட்டுக்கு நாற்பது பேரைத் தேற்றினார். கிறிஸ்துமஸுக்குப் பள்ளி மண்டபத்தில் ஆப்பராவும் போடுவார். “ஒண்ணுமில்லீங்க, நம்ம கூத்துதான். என்ன, பேச்சு கிடையாது. சாகுறவன்கூடப் பாடிக்கிட்டேதான் சாவணும்” என்பார். போன வருஷம் டெலிபோன் ஆபீஸ்காரர் ஒருவர் எட்டு நிமிஷம் செத்தார்.

ரோஷக்காரர். வியாழன்தோறும் சைக்கிளில் காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போவார். சித்திரை வீதியில் ஒரு வக்கீல் வீட்டுப் பெண்ணுக்குப் பியானோ பாடம். அந்த வீட்டில் இவருக்கென்று ஒரு காபி டம்ளரைத் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கிறார்களாம். “என் சங்கீதத்துக்குத் தீட்டு இல்ல, என் எச்சிலுக்கு மட்டும் இருக்காம்! மனுஷங்களாய்யா இவங்க?” வெள்ளிக்கிழமை ஒத்திகையில் முதல் கால் மணி நேரம் இந்தப் புலம்பல்தான்.

இனி எழுதப்போவதற்கு எனக்கே கூசுகிறது. எங்கள் கோயிலில் சேரி ஜனங்கள் உட்காரப் பக்கவாட்டில் தனிச் சிறகு உண்டு. பாடகர் மாடிக்கு அவர்கள் ஏறக்கூடாது, எழுதாத சட்டம். அந்தச் சிறகிலிருந்துதான் ஒருநாள் லூர்துராணியின் குரல் வாத்தியார் காதில் விழுந்தது. உறையூரில் சுருட்டுக் கம்பெனியில் வேலை செய்பவள். அப்படி ஒரு குரலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

வாத்தியார் அவளை மாடிக்கு வரும் படிக்கட்டில், மேலிருந்து மூன்றாம் படியில் உட்காரவைத்தார். கீழே இருப்பவர்கள் கண்ணுக்குத் தெரியமாட்டாள். முன்வரிசையில் சகாயம்மாள் நிற்பாள். கோயில் கமிட்டித் தலைவர் வெங்காய மண்டி செபஸ்தியானின் மகள். மாதா பாட்டில் தனிக்குரல் வரும் இடத்தில் சகாயம்மாள் வாயைத் திறப்பாள். வாத்தியாரின் இடது கை முதுகுக்குப் பின்னால் விரல் அசைக்கும். படிக்கட்டிலிருந்து லூர்துராணி பாடுவாள். சினிமாவில் நடப்பதுதான். ஏழு வருஷம் இப்படி ஓடியது. வெளியூரிலிருந்து வந்த பெரிய சாமியார் ஒருவர் சகாயம்மாளுக்கு வெள்ளிச் செபமாலை பரிசளித்தார். எல்லாம் தெரிந்த நாங்கள் நாற்பது பேரும் அந்தப் பாராட்டுக் கூட்டத்தில் கைதட்டினோம்.

லூர்துராணி கேட்டது ஒன்றுதான். “ஒரே ஒரு தடவை முன்னாடி நின்னு பாடுறேன் வாத்தியாரய்யா. எங்கப்பா நெஞ்சு நோவுல படுத்திருக்காரு. கண்ணை மூடுறதுக்குள்ள அவரு பாத்துரட்டும்.”

“வர்ற திருநாளுக்கு நீதாம்மா முன்னாடி. இது என் வாக்கு” என்றார் வாத்தியார். என் எதிரில்தான் சொன்னார்.

அறுபத்திரண்டில் திருநாளுக்கு முதல் நாள் செபஸ்தியானிடம் போய் அனுமதி கேட்டார். துணைக்கு நானும் போனேன். பாடுவது தன் மகள் இல்லை என்று செபஸ்தியானுக்கு எப்போதோ தெரியும். குரலைக்கூட உயர்த்தவில்லை. “அந்தப் புள்ள மாடியில ஏறுனா நாங்க அத்தனை பேரும் கோயிலை விட்டு எறங்கிடுவோம் வாத்தியாரே. அப்புறம் யாருக்குப் பாடுவீங்க?” வாத்தியார் கும்பிட்டுவிட்டு எழுந்தார். நான் மட்டும் என்ன, வாயைத் திறந்தேனா?

மறுநாள் அவள் அப்பாவைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கி வந்து சிறகில் இறக்கியிருந்தார்கள். லூர்துராணி புதுச்சேலையில் வந்தாள். வாத்தியார் படிக்கட்டிலேயே மறித்து, “அடுத்த வருஷம் பாத்துக்கலாம்மா. இப்ப உக்காரு” என்றார். அவள் உட்கார்ந்தாள்.

மாதா பாட்டு வந்தது. சகாயம்மாள் வாயைத் திறந்தாள். இடது கை விரல் அசைந்தது. சத்தம் வரவில்லை. ஆர்மோனியக்காரர் சமாளித்து முன்னிசையைத் திரும்ப வாசித்தார். மறுபடி விரல் அசைந்தது. கீழே அத்தனை தலைகளும் திரும்பி, அந்தத் திறந்த வாயை அண்ணாந்து பார்த்தன. வாத்தியார் வலது கையால் எங்களுக்கு அடுத்த அடியைக் காட்டினார். பாடினோம். வெட்கங்கெட்டவர்கள், பாடினோம்.

பூசை முடிந்தது. மாடியிலிருந்து இறங்க அந்த ஒரே படிக்கட்டுதான். லூர்துராணி அதில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஒருவர் பின் ஒருவராக அவளைத் தாண்டி இறங்கினார்கள். யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் கால்களை ஒடுக்கி வழிவிட்டாள். கடைசியில் வாத்தியாரும் நானும் மிச்சம்.

“வாங்க சார், போகலாம்” என்றேன்.

“நீ போய்யா. எனக்கு நோட்டு அடுக்குற வேலை இருக்கு.”

நோட்டுகள் அடுக்கித்தான் இருந்தன. அவர் அவற்றைத் தரையில் கலைத்துப் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கத் தொடங்கினார்.