செல்லாயிக்குப் புரியும்

செல்லாயி மலாய் கற்றுக்கொண்டதே ஒருவரை எதிர்த்துப் பேசுவதற்காகத்தான்.

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது; அம்மாவோடு பால்மரம் வெட்டிப் பாலெடுக்கப் போய்விட்டாள். அங்கே தமிழ் மட்டும் தெரிந்தால் போதும். பிறகு தோட்டத்தை விற்றார்கள், ரப்பரை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டார்கள். செல்லாயி புருஷனையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஈப்போவுக்கு வந்து புந்தோங்கில் குடியேறினாள். ஜெலாப்பாங்கில் கையுறை செய்கிற தொழிற்சாலையில் வேலை கிடைத்தது.

அங்கே சூப்பர்வைசரிடம் லீவு கேட்டால் "நந்தி, நந்தி" என்பார். கோயில் வாசலில் படுத்திருக்கிற மாடு என்று தன்னைத்தான் சொல்கிறார் என நினைத்து அவளுக்கு ரத்தம் கொதித்தது. பக்கத்து மெஷினில் இருந்த மாரியம்மா சிரித்துவிட்டு, "மாடு இல்லக்கா. மலாய்ல நந்தின்னா பொறவுன்னு அர்த்தம்லா" என்றாள்.

சரி, பிறகுதானே என்று செல்லாயி காத்திருந்தாள். மகனுக்கு அம்மை போட்டிருக்கிறது என்று கேட்ட லீவு, அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகும் வரவில்லை. அப்போதுதான் அந்தச் சொல் அவளுக்கு முழுதாகப் புரிந்தது. ஊரில் அதற்கு என்ன அர்த்தமோ, அந்த ஆள் வாயில் அதற்கு 'கிடையாது' என்றுதான் அர்த்தம். அன்றிலிருந்து யார் மலாயில் பேசினாலும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். அடுத்த முறை அவர் "நந்தி" என்றபோது, மெஷினை நிறுத்திவிட்டு எல்லார் முன்னாலும் மலாயிலேயே கேட்டாள்: பிறகு என்றால் என்றைக்கு, நாளைச் சொல்லுங்கள். லீவு கிடைத்தது.

தொழிற்சாலை மூடிய பின், புந்தோங் சந்தைக்குப் பக்கத்தில் லின் சே என்ற சீன அம்மாளின் மீ நூடுல்ஸ் கடையில் சேர்ந்தாள். அங்கே பேச்சு கன்டனீஸ் என்கிற சீனம். "ஃபாய் டி!" என்று லின் சே கத்தினால் சீக்கிரம் என்று அர்த்தம். அதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கொதிக்கிற அண்டாவும் வரிசையில் நிற்கிற ஆட்களும் சொல்லிவிட்டார்கள். வருஷக்கணக்காக அந்த நீராவிக்குள் இருவரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு சிநேகிதிகளானார்கள். இடையில் புருஷன் இறந்தார். மகன் தனேஸ்வரன் கல்யாணம் முடித்துக் கமுந்திங்கில் குடும்பத்தோடு இருந்தான். மகள் துளசி கிளினிக்கில் வேலை பார்த்துக்கொண்டு அம்மாவோடு புந்தோங் பிளாட்டில் இருந்தாள்.

போன வருஷம் ஒரு காலை, மீயை வடிக்கும்போது அரிகரண்டி செல்லாயியின் வலது கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனாள். கால் மடங்கியது. லின் சே அலறியது மட்டும் காதில் விழுந்தது.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது ஓர் இளம் டாக்டர் மலாயில் ஏதோ கேட்டார். பழகிய ராகம், ஆனால் உள்ளே வார்த்தையே இல்லை. ஸ்டேஷன் சரியாக விழாத ரேடியோ மாதிரி இரைச்சல். டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்டார். செல்லாயி அவர் வாயையே பார்த்தாள். அவர் தலையை ஆட்டிவிட்டு எழுதிக்கொண்டார்.

பக்கவாதம் என்று கேட்டுத் துளசி ஓடி வந்து, "அம்மா, எடது கையத் தூக்குங்க" என்றாள். செல்லாயி தூக்கினாள். தமிழ் உள்ளே போகிறது. ஆனால் வெளியே வரத்தான் மறுத்தது. தண்ணீர் வேண்டும் என்று சொல்ல வாயைத் திறந்தால் "மங்கு" என்று வந்தது. மரத்தில் பால் பிடிக்கிற மங்கு எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. தப்பு என்று மட்டும் தெரிந்தது. தெரிந்தும் திருத்த முடியாத கோபத்தில் கட்டில் கம்பியைக் குத்தினாள்.

பேச்சுப் பயிற்சிக்கு சுஹைலா என்ற பெண் வந்தாள். படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டினாள். ஒரு அட்டையில் கண்ணாடி டம்ளரில் பால். சுஹைலா "சூசூ" என்றாள். பக்கத்திலிருந்த துளசி, "பாலும்மா, பால்" என்றாள்.

"மரம்" என்றாள் செல்லாயி.

அன்று அங்கிருந்த தனேஸ்வரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "பாத்தியா துளசி? அம்மாவுக்கு ஒன்னும் புரியல" என்றான், அவள் முன்னாலேயே.

செல்லாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டம்ளரில் இருப்பது மாட்டுப்பால். வெறுமனே பால் என்றால் அது மரத்திலிருந்து வடிவதுதான். நடக்கக் கற்ற நாளிலிருந்து அவளுக்கு அப்படித்தான். இதைச் சொல்ல அவளிடம் அன்று ஒரு வாக்கியம் இல்லை. அட்டையை இடது கையால் தட்டிவிட்டாள். அது கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது.

"மூணு மொழியையும் கலந்தா இன்னும் குழம்பிப்போவாங்க" என்று பெரிய டாக்டர் சொன்னதாகத் தனேஸ்வரன் சொன்னான். பயிற்சி மலாயில்தான் நடக்கும், ஆகவே வீட்டிலும் மலாயே பேசுங்கள் என்றாராம். துளசி அன்று சாயங்காலம், "மாக், சுடா மாக்கான்?" என்று ஆரம்பித்தாள். சாப்பிட்டாயா என்றுதான் கேட்டிருப்பாள்; பெற்ற மகள் மலாயில் பேசுகிறாள். செல்லாயி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். துளசி அழுதுகொண்டே, "சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்ட பிறகுதான் இந்தப் பக்கம் திரும்பினாள்.

லின் சே கடையை மூடிவிட்டு, தூக்கில் கஞ்சியோடு வந்தாள். வாசலில் அவள் தலை தெரிந்ததுதான் தாமதம், செல்லாயி வாயிலிருந்து முழு வாக்கியமாக வந்தது: "சேக் சோ ஃபான் மேய்?"

சாப்பிட்டாயா என்று கன்டனீஸில் கேட்கிற கேள்வி. லின் சே தூக்கைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். துளசியின் முகம் சுருங்கிப்போனது. பெற்ற தாய் வாயில் தமிழ் வருவதற்கு முன்னால் சீனம் வந்துவிட்டதே என்ற வருத்தம். செல்லாயிக்கும் அது புரிந்தது. ஆனால் எது கதவைத் திறக்கிறதோ அந்த வழியாக வெளியே வருவதுதான் முக்கியம் என்று அவளுக்குப் பட்டது. லின் சேயிடம் இன்னும் பேசினாள். பாதி சொற்கள் வந்தன, பாதிக்குக் கையை ஆட்டினாள்.

மறுநாள் துளசி இதைச் சொன்னபோது சுஹைலா யோசித்தாள். "என்னிடம் மலாய் அட்டைதான் இருக்கிறது, ஆன்ட்டி. மற்றதை நந்தி பார்க்கலாம்" என்று செல்லாயியின் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

நந்தி. இரைச்சலுக்கு நடுவில் அந்த ஒரு சொல் கல்லாகத் தெறித்து வந்து விழுந்தது.

"புக்கான் நந்தி!" என்று கத்தினாள் செல்லாயி. "செக்காராங்!"

பிறகு இல்லை, இப்போதே! வார்டே திரும்பிப் பார்த்தது. சுஹைலா முதலில் அதிர்ந்தாள். அப்புறம் சிரித்தாள். அட்டைகளைப் பைக்குள் போட்டுவிட்டு நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, "சரி ஆன்ட்டி. இப்போதே. எந்த மொழியில் வருகிறதோ அதில்" என்றாள். அதற்கப்புறம் பயிற்சி நேரத்தில் துளசி தமிழில் கேட்பாள், சுஹைலா மலாயில் கேட்பாள், லின் சே வருகிற நாளில் அவளையும் சுஹைலா விடுவதில்லை.

வீட்டுக்கு அனுப்பும் நாள் வந்தது. தனேஸ்வரன் வேன் பிடித்து வந்துவிட்டான். அம்மாவைக் கமுந்திங்குக்குக் கூட்டிப்போவதாக முடிவு. அவன் பெண்டாட்டி ஓர் அறையை ஒழித்து வைத்திருந்தாள். பாசமான பிள்ளைதான், அதில் குறையில்லை.

"நீ வேலைக்குப் போயிட்டா யார் பாக்குறது? அம்மாகிட்டக் கேட்டு என்னலா ஆகப்போகுது, துளசி? அவங்களுக்கு என்ன புரியும்?"

"அண்ணே, அம்மா இங்கதான் இருக்காங்க. அவங்களையே கேளுங்க."

செல்லாயி சக்கர நாற்காலியில் நிமிர்ந்தாள். "ம் ஹோய்" என்றாள். போகமாட்டேன் என்ற சீனச் சொல். தனேஸ்வரன் விழித்தான். "தாக் மாவ்" என்றாள். வேண்டாம் என்ற மலாய்.

"பாத்தியா? எல்லாத்தையும் போட்டுக் கொழப்பிக்கிறாங்க" என்று அவன் நாற்காலியின் பிடியைப் பற்றினான்.

செல்லாயி இடது கையால் சக்கரத்தை இறுகப் பிடித்தாள். நாற்காலி ஒரு பக்கமாகத் திரும்பி நின்றது. இவனுக்குத் தமிழில்தான் சொல்ல வேண்டும். தமிழ்தான் தொண்டையில் சிக்கிக்கொண்டு வர மறுக்கிறது. நெற்றி வியர்த்தது. துளசி உதவிக்கு வாயெடுத்தாள். செல்லாயி முறைத்ததில் அடங்கினாள்.

"நான்..." என்றாள். மூச்சு வாங்கினாள். "நான் போ... போமாட்டேன். தனேசு. எனக்குப் புரியுது." அவன் கண்ணைப் பார்த்துக் கேட்டாள்: "ஒனக்குப் புரியுதா?"

தனேஸ்வரன் பிடியை விட்டான். அந்தக் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். பிறகு குனிந்து, "புரியுதும்மா" என்றான்.

வேன் புந்தோங்குக்குப் போனது. மூன்று நாள் அவன் போன் எடுக்கவில்லை. கோபம் இருக்கத்தானே செய்யும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு வந்து சேர்ந்தான். இப்போது பகலில் லின் சேயின் கடையில்தான் செல்லாயி உட்கார்ந்திருக்கிறாள். ஒற்றைக் கையால் தவுகே எனும் பயறு முளைகளின் வாலைக் கிள்ளிப் போடுகிறாள். வேலை மெதுவாகத்தான் நடக்கிறது. பேச்சும் அப்படித்தான்: ஒரு வாக்கியம் தமிழில் தொடங்கி, மலாயில் நொண்டி, சீனத்தில் போய் முடியும். போன வாரம் ஒரு வாடிக்கையாளர் பொறுமையில்லாமல், அவள் சொல்ல வந்ததைத் தானே முடித்துக்கொடுத்தார். செல்லாயி கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள். அவர் தட்டில் மீ ஆறிக்கொண்டிருக்க, தொடக்கத்திலிருந்து மறுபடியும் சொல்ல ஆரம்பித்தாள்.