என் இரண்டு விரல்களுக்கு யார் பணம் கொடுத்தது?

மட்டாஞ்சேரியில், யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுனுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த மிளகுக் கிடங்கில், தொண்ணூறுகளின் நடுவில், நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மிளகைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. ஒரு மழைக்கால மதியம் அதன் பெல்ட்டில் சாக்குத் துணி சிக்கியது. ஓடிக்கொண்டிருக்கும்போதே இழுக்கப் போனேன். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. வலி கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. அதற்குள் தரையில் சிதறிய மிளகில் என் ரத்தம் பட்டுவிட்டதே, இதை இனி என்ன செய்வார்கள் என்று யோசித்தது ஞாபகம் இருக்கிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய மறுநாள் முதலாளி ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். நல்ல மனிதர்தான். பாயில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "கை சரியாகுற வரைக்கும் கூலி வீட்டுக்கு வந்துடும். நீ ஈ.எஸ்.ஐ. ஆபீசுக்கெல்லாம் நடக்க வேண்டாம் கேட்டோ" என்றார்.

அவர் போனதும் என் மனைவி, "எதுக்கு வேண்டாங்கிறாரு? மாசா மாசம் உங்க சம்பளத்துல அதுக்குன்னுதான புடிக்கிறாரு?" என்றாள்.

அதுவரை நான் அதை நினைத்தே பார்க்கவில்லை. ஏதோ வரி மாதிரி பிடிக்கிறார்கள், அரசாங்கத்துக்குப் போகிறது என்றே நினைத்திருந்தேன். முதலாளி காசு கொடுத்தால் தர்மம் வாங்குவது போல இருக்கும் என்றாள் அவள். "நம்ம காசு எங்க போச்சுன்னு கேட்டாலாவது தெரியுமில்ல?"

கட்டு போட்ட கையோடு படகில் எர்ணாகுளம் போனோம். ஈ.எஸ்.ஐ. என்கிற அந்தத் தொழிலாளர் காப்பீட்டு அலுவலகத்தில் இருந்த பெண் கிளார்க் என் அட்டையைப் பார்த்துவிட்டு உள்ளே போய்த் தேடினார். திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது. என் சம்பளத்தில் பிடித்த பணம் பல மாதங்களாக அங்கே வரவே இல்லை. என்னிடம் பிடித்ததோடு முதலாளி தன் பங்கையும் சேர்த்துக் கட்ட வேண்டுமாம். அவர் இரண்டையுமே கட்டவில்லை.

எல்லாம் போயிற்று என்று எழுந்தேன்.

"இரிக்கூ சேட்டா. அடைச்சில்லெங்கிலும் சேட்டனு கிட்டும்" என்றார் அவர்.

கட்டாவிட்டாலும் கிடைக்குமா? என் காதையே நான் நம்பவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். வேலை செய்யும்போது அடிபட்டால் முதலில் தொழிலாளிக்குக் கொடுத்துவிடுவார்கள். முதலாளி கட்டாமல் விட்டதை அவரிடம் வசூலித்துக்கொள்வது அலுவலகத்தின் பாடு.

"அப்போ இப்ப எனக்குத் தர்றது யாரோட காசு?" என்று கேட்டேன். எனக்கு உண்மையிலேயே அது தெரிய வேண்டியிருந்தது.

அவர் சிரித்துவிட்டார். "எல்லாருடேயும்."

எல்லாருடையதும் என்றால்? ஆலுவாப் பக்கம் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்கள், அவர்களுடைய முதலாளிகள், ஒரு நாளும் அடிபடாதவர்கள் என எல்லோரும் கட்டுவது ஒரே இடத்தில் சேர்கிறது, அதிலிருந்துதான் எடுத்துக் கொடுக்கிறோம் என்றார். திரும்பி வரும் படகில் நான் தண்ணீரைப் பார்க்கவில்லை. கம்பியைப் பிடித்திருந்த பயணிகளின் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தேன். இவற்றில் எந்தக் கை எனக்குக் கொடுக்கிறது?

புண் ஆறும்வரை, டாக்டர் சீட்டைக் காட்டக் காட்ட, கூலியில் பெரும்பகுதி வந்தது. ஆறிய பிறகு மருத்துவக் குழுவுக்கு முன்னால் போகச் சொன்னார்கள். டாக்டர்கள் சட்டைப் பொத்தானைப் போடச் சொன்னார்கள், பேனாவைப் பிடிக்கச் சொன்னார்கள். எனக்குச் சம்பாதிக்கும் திறன் எத்தனை சதவீதம் குறைந்தது என்று அவர்கள் முடிவு செய்வார்கள், அதன்படி ஆயுள் முழுக்க மாதாமாதம் பணம் வரும். கட்டைவிரலுக்குத்தான் மதிப்பு அதிகமாம். மோதிர விரலும் சுண்டுவிரலும் ஒரே மதிப்பு. "இத யாரு சார் முடிவு பண்ணது?" என்று கேட்டேன். "சட்டத்தில் உண்டு" என்றார் ஒருவர். சட்டத்தில் எழுதியவர் எதைப் பார்த்து எழுதினார் என்பது அவருக்கும் தெரியவில்லை.

கிடங்குக்கு ஈ.எஸ்.ஐ. இன்ஸ்பெக்டர் வந்தார். முதலாளி பாக்கியை வட்டியோடு கட்டினார். திரும்ப வேலைக்குப் போன அன்று அவர் முன்னால் போய் நின்றேன். அவர் வெகுநேரம் என் கையையே பார்த்தார்.

"நீ எனக்கு எதிரா கேஸ் கொடுத்தல்லே?"

"கேஸ் இல்ல முதலாளி. காசு எங்க போச்சுன்னு கேக்கத்தான் போனேன்."

அவர் என்னை எடை போடும் வேலைக்கு மாற்றினார். அந்த வாரமே பெல்ட்டுக்கு இரும்பு மூடி வந்தது. அதற்குப் பிறகு நாங்கள் பழைய மாதிரி பேசிக்கொண்டதில்லை, சண்டையும் போட்டதில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு தேனிப் பக்கத்திலிருந்து என் வயதுக்காரர் ஒருவர் கிடங்கில் சேர்ந்தார். ஈ.எஸ்.ஐ.க்குப் பிடித்தது போக வந்த முதல் சம்பளத்தை எண்ணிவிட்டு என்னிடம்தான் வந்தார். "எனக்கு அடியே படல. எதுக்குண்ணே புடிக்கிறாங்க?"

எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அவர் என் கையைப் பார்த்தார்.

"அப்ப உங்க விரலுக்கு நான் காசு குடுக்கிறேனா?"

"ஆமா."

"சரி, அப்ப ஒரு டீயாவது வாங்கிக் குடுங்க" என்றார்.

வாங்கிக் கொடுத்தேன். கூட வாழைப்பழ பஜ்ஜி மாதிரி ஒரு பழம்பொரியும் சாப்பிட்டார்.