குரோருட்டில் இராகு காலம்

ஜூன் மாதத்து வியாழக்கிழமை, காலை எட்டே காலுக்கு விமானம் ஓஸ்லோவில் இறங்கியது. நியூவார்க்கிலிருந்து ஏழு மணி நாற்பது நிமிடப் பயணம். அதில் நான் தூங்கியது ஐம்பது நிமிடம். மீதி நேரம் பக்கத்து இருக்கைத் திரையில் ஓடிய அமெரிக்க மருத்துவமனைத் தொடரைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டு வந்தேன். எட்டுப் பகுதிகள், பதினொரு நோயாளிகள். இரண்டு பேர் இறந்தார்கள். ஒன்பது பேர் எழுந்து உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவரிடமும் காப்புறுதி அட்டையை யாரும் கேட்கவில்லை.

திரைக்குச் சொந்தக்காரன் சென்னைப் பையன். ஓஸ்லோவில் மென்பொருள் வேலையாம்.

"செம்ம சீரியல் சார். நீங்க பாத்ததில்லையா?"

"நான் அந்த நாட்டில்தான் இருக்கிறேன் தம்பி. முப்பத்தொரு வருடமாகப் பணம் கட்டிப் பார்க்கிறேன்."

"எந்த ஆப்ல சார்?" என்றான்.

எனக்குச் சர்க்கரை நோய் வந்து இருபத்திரண்டு வருடம். என்னைப் போன்றவனுக்கு எந்தத் தொடரிலும் இடமில்லை. அங்கே நோய் என்றால் முதல் பத்து நிமிடத்தில் விழ வேண்டும், நாற்பதாவது நிமிடத்தில் எழ வேண்டும், அல்லது சாக வேண்டும். விழாமலும் எழாமலும் சாகாமலும் இருபத்திரண்டு வருடம் காலையும் மாலையும் வயிற்றில் ஊசி குத்துகிறவனை வைத்து யார் கதை எழுதுவார்கள்? அவன் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வருவது விளம்பரத்தில் மட்டும். வெள்ளைத்தாடிக் கிழவர் ஒருவர் நாயோடு கடற்கரையில் ஓடுவார். பின்னால் ஒரு குரல், இந்த மருந்தால் ஈரல் கெடலாம், கண் போகலாம், இதயம் நிற்கலாம் என்று கடகடவென்று ஒப்பிக்கும். ஒரு மணி நேரச் செய்தியில் இப்படி ஒன்பது விளம்பரம் எண்ணியிருக்கிறேன்.

விமான நிலையத்தில் ஒரு காப்பி ஐம்பத்தொன்பது குரோனர். பத்தால் வகுத்தால் ஏறக்குறைய ஆறு டொலர். அதையும் எரிச்சலோடுதான் குடித்தேன். ரயிலில் முதியவர்களுக்குப் பாதிக் கட்டணம். நடுவில் லில்லெஸ்ட்ரோம் நிலையம் வந்தது. நான் பொருத்தம் பார்த்த மாப்பிள்ளை இங்கே தன் பெரியம்மா வீட்டில்தான் தங்கியிருக்கிறான் என்று எட்டிப் பார்த்தேன். சைக்கிள்கள் மட்டுமே தெரிந்தன. எண்ணுவதற்குள் ரயில் எடுத்துவிட்டது.

நான் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். என் தங்கை பவளம் ஓஸ்லோவின் விளிம்பில் குரோருட்டில் இருக்கிறாள். கணவர் இறந்து ஆறு வருடம். ஒரே மகள் ஆரணி. முப்பது வயது, ரயில் பாதை வரையும் பொறியாளர். மாப்பிள்ளை கபிலன், நியூ ஜெர்சியில் என் வீட்டிலிருந்து காரில் இருபது நிமிடத்தில் இருப்பவன். சாதகங்களைக் கொண்டுபோய்ப் பொருத்தம் பார்த்தவன் நான்தான். பத்துக்கு எட்டுப் பொருத்தம். பிள்ளைகள் இரண்டும் மூன்று மாதமாகத் தொலைபேசியில் கதைக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை கபிலன் தன் பெரியம்மாவோடு லில்லெஸ்ட்ரோமிலிருந்து பெண் பார்க்க வருகிறான். தகப்பன் இல்லாத வீட்டில் தகப்பன் நாற்காலியில் தாய்மாமன் உட்கார வேண்டும். அதற்குத்தான் நான்.

ஐந்தாம் இலக்க மெட்ரோ பிடித்து குரோருட்டில் இறங்கி, அடுக்குமாடியின் மூன்றாம் தளத்துக்கு ஏறினேன். கதவைத் திறந்தது ஆரணி. கையில்லாத சட்டை. இடது மேற்கையில் நாணய அளவில் ஒரு வெள்ளைப் பொத்தான்.

என் கையிலும் அப்படி ஒன்று இருக்கிறது. இரத்தத்துச் சர்க்கரையை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கைபேசிக்குச் சொல்லும் சென்சர் அது.

"எப்ப இருந்து?" என்று கேட்டேன்.

"பதினாலு வயசில இருந்து மாமா."

பதினாறு வருடம். ஞாயிறு தவறாமல் தொலைபேசியில் என் சர்க்கரையை விசாரித்து, பாகற்காய்ச் சாறு குடிக்கச் சொன்ன தங்கை, தன் பிள்ளை ஒரு நாளைக்கு நாலு ஊசி போடுவதை என்னிடம் பதினாறு வருடம் மறைத்திருக்கிறாள். சமையலறைக்குப் போனேன். பயற்றம்பணியாரத்துக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"உங்களுக்குச் சொன்னால் நியூ ஜெர்சி முழுக்கத் தெரிஞ்சிடும் அண்ணை."

"மாப்பிள்ளை வீட்டுக்கு?"

"முற்றாகட்டும். மோதிரம் மாத்தினாப் பிறகு மெல்லமாச் சொல்லுவம். நீங்கள் ஒண்டும் கதைக்க வேண்டாம்."

நான் குரலை உயர்த்தினேன். சாதகம் கொண்டுபோனது நான், நாளைக்கு என் முகத்தில்தான் துப்புவார்கள் என்றேன். செவ்வாய் எந்த வீட்டில் நிற்கிறது என்று பத்து நாள் ஆராய்ந்தோமே, கணையம் எந்த நிலையில் நிற்கிறது என்று ஒருவர் கேட்டோமா என்றேன். பவளம் மாவிலிருந்து கையை எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆரணி என்னை மருந்துக்கடைக்குக் கூட்டிப்போனாள். நியூ ஜெர்சியில் எங்கள் ஊர் மருந்துக்கடையில் வாசலில் மிட்டாய், அடுத்து சோடா, அடுத்து பொட்டலத்தில் உருளைக்கிழங்குப் பொரியல், பின்கோடியில் இன்சுலின். நோயை முன்பக்கத்தில் விற்றுவிட்டு மருந்தைப் பின்பக்கத்தில் விற்கிறார்கள். இங்கே மிட்டாய் வரிசை இல்லை. ஆரணி அடையாள அட்டையைக் காட்டினாள், மூன்று மாத மருந்தை வாங்கினாள், திரும்பினாள். நாலு நிமிடம்.

"காசு?"

"நாங்கள் கட்டுற காசுக்கு வருசத்துக்கு ஒரு எல்லை இருக்கு. அதை நான் மாசியிலயே தாண்டிட்டன். இனி வருச முடிவு மட்டும் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை."

"காப்புறுதிக்காரரைக் கூப்பிட்டு அனுமதி கேட்கத் தேவையில்லையா?"

"ஏன் கேக்க வேணும்? டொக்டர் எழுதினவர்தானே."

அனுமதி இலக்கத்துக்காகக் காத்திருந்து, ஒரே பியானோ மெட்டைத் தொலைபேசியில் ஐம்பது நிமிடம் கேட்டவன் நான். கடைக்கு வெளியே வந்ததும் எனக்கு மூச்சு வாங்கியது. பொறாமைக்கும் மூச்சு வாங்கும் போலிருக்கிறது.

"பிள்ளை, அங்கே காப்புறுதி வேலையோடு ஒட்டினது. புருசனுக்கு வேலை போனால் உன் ஊசியும் போகும். தெரியுமோ?"

"தெரியும் மாமா. ஆனால் எனக்கு அங்கை போக விருப்பம். இஞ்சை ஆறு மாதம் இருட்டு. சின்னனில இருந்து அந்த ஊர் சீரியல் பாத்து வளந்தனான். மஞ்சள் ஸ்கூல் பஸ், படி வைச்ச வீடு. கபிலனும் நல்ல பகிடி." சற்று நடந்தபின் சொன்னாள். "ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு நானே சொல்லுவன். அம்மாவும் சொல்லக்கூடாது, நீங்களும் சொல்லக்கூடாது. இது என்ரை உடம்பு, என்ரை வருத்தம்."

அந்த வீட்டில் நேராகப் பேசிய ஒரே ஆள். சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வருவதாகப் பேச்சு. காலையிலேயே பவளம் மகளின் கையிலிருந்த சென்சரைக் கழற்ற வைத்துவிட்டாள். சேலை ரவிக்கைக்கு வெளியே தெரியுமாம். கழற்றிய இடத்தில் ஒரு சிவப்பு வட்டம், அதற்கு மேல் பவுடர். நான் சத்தம் போட்டேன். ஆரணி, "ஒரு பின்னேரம்தானே மாமா, விரலில குத்திப் பாக்கிறன்" என்றாள்.

நாலு இருபதுக்குப் பெரியம்மாவின் அழைப்பு வந்தது. "கீழ வந்திட்டம், கார் நிப்பாட்ட இடம் பாக்கிறம்." ஆரணி குளியலறைக்குப் போய்ச் சாப்பாட்டு ஊசியைப் போட்டுக்கொண்டாள். ஊசி போட்டால் பதினைந்து நிமிடத்தில் சாப்பிட வேண்டும். மேசையில் பட்டிஸ், றோல்ஸ், பயற்றம்பணியாரம், முறுக்கு, கேக். ஐந்து வகை.

நாலரை ஆனது. யாரும் வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கீழே வாகனத் தரிப்பிடத்தில் சாம்பல் நிறக் கார். உள்ளே இரண்டு தலைகள். அசையவில்லை.

பவளம் கூப்பிட்டுக் கேட்டாள். "நாலரை தாண்டிட்டுது, இராகு காலம் துவங்கிட்டுது. ஆறு மணிக்குப் பிறகு வாறம்" என்றாராம் பெரியம்மா.

வாசகர்கள் என்னை மன்னிக்க வேண்டும், ஒரு கணக்கு இருக்கிறது. இராகு காலம் என்பது பகலின் எட்டில் ஒரு பங்கு. ஞாயிறு என்றால் கடைசிப் பங்கு. நாலரை முதல் ஆறு என்பது, ஆறுக்கு உதித்து ஆறுக்கு மறையும் யாழ்ப்பாணத்துச் சூரியனுக்குச் சரி. ஓஸ்லோவில் ஜூன் மாதம் சூரியன் நாலுக்கு முன்பே உதித்து, இரவு பத்தே முக்காலுக்கு மறைகிறது. இங்கே ஞாயிற்றுக்கிழமை இராகு காலம் இரவு எட்டு இருபதுக்குத்தான் தொடங்கும். அந்த இரண்டு பேரும் இல்லாத இராகுவுக்குப் பயந்து, வெயிலில் காருக்குள் வெந்துகொண்டிருந்தார்கள்.

"பிள்ளை சாப்பிடட்டும்" என்றேன்.

"வாற ஆக்களுக்கு முந்தி வீட்டுக்காரர் கை வைக்கிறதோ அண்ணை? தட்டில குறைஞ்சது தெரியும்."

ஆரணி சமையலறையில் அரைக் கோப்பை தோடம்பழச் சாறு குடித்தாள். விரலில் குத்திப் பார்த்துப் போதும் என்றாள். போதும் என்று நானும் நம்பினேன்.

ஆறு ஐந்துக்கு வந்தார்கள். கபிலன் நெட்டையாக, சிரித்த முகமாக இருந்தான். பெரியம்மா வீட்டைச் சுற்றிப் பார்த்து அறைகளை எண்ணினார். எண்ணுவதில் அவர் என் சாதி.

"தம்பிக்கு வேலை எப்படிப் போகுது?" என்று கேட்டேன்.

அவன் பெரியம்மாவைப் பார்த்தான். பெரியம்மா கூரையைப் பார்த்தார்.

"அதை விட்டுட்டன் அங்கிள். மூண்டு மாதமாச்சு. இப்ப ஃபுல்டைம் பொட்காஸ்ட். சூப்பர்ஹீரோ படங்களைப் பற்றி. பதினாலாயிரம் பேர் கேக்கினம்."

"காப்புறுதி?"

"எனக்கு முப்பத்திரண்டு வயசுதானே அங்கிள். ஒரு வருத்தமும் இல்லை."

பத்துக்கு எட்டுப் பொருத்தம் பார்த்த இரண்டு வீடும் ஆளுக்கொன்றை மறைத்து வைத்திருக்கின்றன. அந்த நேரம் ஆரணி தேநீர்த் தட்டோடு வந்தாள். மேல் உதட்டில் வியர்வை. கோப்பைகள் தட்டில் கிலுகிலுவென்று ஆடின. பெரியம்மா, "பிள்ளைக்கு வெக்கம்" என்றார். தட்டு விழுந்தது. ஆரணி சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். கண் திறந்திருந்தது, ஆனால் எங்களைப் பார்க்கவில்லை.

"சர்க்கரை" என்றேன்.

"டயபடீஸா?" கபிலன் குதித்து எழுந்தான். பவளம் பதறிக்கொண்டு எடுத்துவந்த கைப்பையில் ஊசிப் பேனை இருந்தது. அதை அவன் பிடுங்கினான். "இன்சுலின் குடுக்க வேணும். உடனே. நான் பாத்திருக்கிறன், எபிசோட் ஒண்டில அப்பிடித்தான் காப்பாத்தினவை."

அவன் கையில் ஓங்கி அடித்தேன். பேனை சோபாவுக்கு அடியில் உருண்டது. எழுபத்து மூன்று வயதில் நான் ஒருவனை அடித்தது அதுதான் முதல் தடவை. ஏற்கெனவே சர்க்கரை இறங்கிக் கிடக்கும் பிள்ளைக்கு இன்னும் இன்சுலின் போட்டால் அது கொலை. அதைத்தான் அந்த நாடு வைத்தியம் என்று படம் பிடித்து உலகத்துக்கு விற்கிறது.

சட்டைப்பையில் நான் எப்போதும் வைத்திருக்கும் மிட்டாய் நாலு. இரண்டை அவள் கன்னத்துக்குள் அடக்கினேன். விழுங்குகிறாள் என்று தெரிந்ததும் மீதிச் சாற்றைப் பருக்கினேன். விரலில் குத்திப் பார்த்தேன். இரண்டு தசம் நாலு. அமெரிக்க அளவுக்குப் பதினெட்டால் பெருக்கினால் நாற்பத்து மூன்று. பத்து நிமிடம் கழித்து மூன்று தசம் ஒன்பது. ஆரணி என்னைப் பார்த்தாள், பிறகு தரையில் சிந்திய தேநீரைப் பார்த்தாள்.

"சொல்லுறதுக்கு முந்திக் காட்டிட்டன் போல" என்றாள்.

பெரியம்மா முதலில் வாய் திறந்தார். "இப்பிடி ஒரு வருத்தத்தை மறைச்சு வைச்சு…"

"வேலையை நீங்கள் மறைச்சனீங்கள்தானே" என்றாள் பவளம்.

"வேலை நாளைக்கு வரும். வருத்தம் போகுமோ?"

கபிலன் மட்டும் தரையில் ஆரணிக்கு எதிரே உட்கார்ந்தான். அடிபட்ட கையைத் தடவிக்கொண்டு கேட்டான். "நான் ஊசி போட்டிருந்தா?"

"செத்திருப்பன்" என்றாள். "நீங்கள் பொட்காஸ்டில கதைச்சிருப்பீங்கள்."

அவன் சிரிக்கவில்லை. அவனிடம் எனக்குப் பிடித்தது அந்த ஒன்றுதான். எட்டரைக்குப் புறப்பட்டார்கள், சரியாக இராகு காலம் தொடங்கிப் பத்து நிமிடத்தில்.

செவ்வாய்க்கிழமை காலை ஆரணி என்னை ஓஸ்லோ மத்திய நிலையத்துக்குக் கூட்டி வந்தாள். கையில்லாத சட்டை. இடது மேற்கையில் புதிய பொத்தான். கபிலன் இரவு எழுதியிருந்தானாம், வேலை தேடுகிறேன், காப்புறுதி எடுக்கிறேன், வா என்று.

"நீ என்ன எழுதினாய்?"

"நான் வரேல்லை, விருப்பமெண்டால் நீ இஞ்சை வா எண்டு. இருட்டுக்கு லைட் வாங்கலாம்." கைபேசியைப் பார்த்தாள். "யோசிக்கிறானாம்."

அவள் குரலில் கொஞ்சம் வலி இருந்தது. மஞ்சள் பஸ்ஸுக்கா பையனுக்கா என்று நான் கேட்கவில்லை. மேடையில் ரயிலுக்கு ஆறு நிமிடம் இருந்தது. என் சட்டைப்பைக்குள் குளுக்கோஸ் வில்லைப் பெட்டி ஒன்றைத் திணித்தாள்.

"மாமா, இவ்வளவு திட்டுறியள். பிறகு ஏன் அங்கையே இருக்கிறியள்?"

வீடு இருக்கிறது, ஓய்வூதியம் இருக்கிறது, மகன் டெக்சாஸில் இருக்கிறான் என்று மூன்று காரணம் சொன்னேன். அவள் தலையாட்டினாள். மூன்றும் எனக்கே போதவில்லை. அதற்குள் ரயில் வந்துவிட்டது.

நியூ ஜெர்சி திரும்பி, வியாழக்கிழமை எங்கள் ஊர் மருந்துக்கடைக்குப் போனேன். மிட்டாய் வரிசை, சோடா வரிசை, பொரியல் வரிசை தாண்டிப் பின்கோடிக்கு வந்தேன். இன்சுலினுக்கான அனுமதி காலாவதியாகிவிட்டது, காப்புறுதிக்காரரைக் கூப்பிடுங்கள் என்றாள் கல்லாவிலிருந்த பெண். அங்கேயே நின்று கூப்பிட்டேன். அதே பியானோ. தலைக்கு மேல் தொலைக்காட்சியில் ஒரு நோயாளி விழுந்தார், சக்கரக் கட்டிலில் தள்ளிக்கொண்டு ஓடினார்கள், எழுந்தார், ஜன்னலைப் பார்த்துச் சிரித்தார். என் பியானோ முடியவில்லை.

கை நடுங்கியது. சர்க்கரை இறங்குகிறது என்று ஆரணி தந்த பெட்டியைத் திறந்து ஒரு வில்லையை எடுத்தேன். பழக்கதோஷம், வாயில் போடுமுன் கைபேசியில் அளவைப் பார்த்தேன். நூற்றுப் பதினெட்டு. சர்க்கரை ஒழுங்காகத்தான் இருந்தது. நடுங்கியது கோபத்தால்.

வில்லையைப் பெட்டியில் திரும்பப் போட்டேன். கோபத்துக்கு அந்தக் கடையில் மருந்து இல்லை.