நான் ஓட்டிக் காட்டிய பழைய நகல்

நஸ்ரீனை ஏமாற்றித் தோற்கடித்தவன் நான். அவள் திருத்திக் கொடுத்த நிரலை அழித்துவிட்டுப் பழையதை ஓட்டிக் காட்டினேன்.

உங்களிடம் சொல்லிவிட்டேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலைக்கு மென்பொருள் எழுதுகிறோம். இது நடந்தபோது நானும் அவளும் மட்டுமே. எந்தத் தோல் எந்த லாட்டிலிருந்து, அதாவது எந்தத் தொகுதியிலிருந்து வந்தது, இப்போது எந்தப் பிரிவில் கிடக்கிறது என்று காட்டும் இணையப் பக்கம் எங்கள் வேலை. நிரலுக்கும் தரவுத்தள அட்டவணைகளுக்கும் நடுவே நின்று, ஒன்று சொல்வதை மற்றதற்குப் புரியவைக்கும் ஒரு கருவி அதற்கு வேண்டும். ஓஆர்எம் என்போம்.

நாங்கள் பயன்படுத்தும் ஃபிரேம்வொர்க் என்னும் மென்பொருள் சட்டகத்தோடு ஒன்று கூடவே வருகிறது. அதுவே போதும் என்றேன். வெளியிலிருந்து வேறொன்றைப் பொருத்த வேண்டும் என்றாள் நஸ்ரீன்.

"இங்க ஒரு லாட்டு பிரியும், இன்னொண்ணோட சேரும், மறுபடி பிரியும் சார். உங்களுது நேரா போற வண்டி. இது சந்துல திரும்பணும்."

யாருடையது தேர்வாகிறதோ அவரே புதிய குழுவுக்குத் தலைவர். மேனேஜர் சாதிக் பாய் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

என் பொறாமை தொடங்கிய நாள் எனக்குத் துல்லியமாக நினைவிருக்கிறது. பதப்படுத்திய தோலின் பின்புறம் அதன் பரப்பளவைக் குறித்திருப்பார்கள். 12 என்று எழுதி, அதன் தோளருகே சிறியதாக ஒரு 3. மாதிரித் தரவில் அதை நான் 12.3 என்று ஏற்றினேன். எல்லாத் தோல்களையும் அப்படியே ஏற்றினேன்!

"ஐயோ சார், அது புள்ளி மூணு இல்ல, முக்கா! பன்னெண்டே முக்கா அடி. இங்க எல்லாமே கால் கணக்கு." பிறகு சாதிக் பாயைப் பார்த்துச் சிரித்தாள். "வெயில்ல கூட போடல பாய், சார் எல்லாத் தோலையும் சுருக்கிட்டாரு!"

"இன்னாப்பா, இத்தினி நாளா பஸ் ஏறி வர்ற, தோல்ல எழுதுனத படிக்கத் தெரியல?" என்றார் அவர்.

அவளுடைய தந்தை அளவை இயந்திரத்தில் வேலை செய்பவர். அவளுக்குத் தெரிந்ததில் வியப்பில்லை. அந்தச் சிரிப்பில் வஞ்சமும் இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துமா...?

தெரிந்தும்தான். அன்றிலிருந்து அவளைக் கணக்கெடுக்கத் தொடங்கினேன். நான் நாற்பது வரியில் எழுதியதை அவள் பதினொன்றில் எழுதினாள். கூட்டத்தில் சாதிக் பாயின் நாற்காலி அவள் பக்கமே திரும்பியிருந்தது. தொழிலாளிகள் குறை சொல்ல வரும்போது என் மேசையைக் கடந்து அவளிடம் போனார்கள். ஒருவர்கூட என் முன்னால் நிற்கவில்லை! என் வயது முப்பத்தெட்டு, அவளுக்கு இருபத்தைந்து. அதையும் கழித்துப் பார்த்தேன்.

வேகச் சோதனை என் கணினியில் நடப்பதாக ஏற்பாடு. நஸ்ரீன் பென் டிரைவில் கொண்டுவந்து முதலில் தன் கருவியில் எழுதிய நிரலின் ஒரு நகலைப் போட்டாள். இரண்டு நாள் கழித்துத் திருத்திய நகலையும் போட்டாள். இரண்டுக்கும் வேறுபாடு ஒரே வரி. அந்த வரி இல்லாவிட்டால் நிரல் ஒவ்வொரு தோலின் விவரத்துக்கும் தனித்தனியே தரவுத்தளத்துக்குப் போய்வரும். ஒரு கட்டுத் தோலைத் தள்ளுவண்டியில் ஒரே நடையாகக் கொண்டுவராமல், தோலுக்கு ஒருமுறை குடோனுக்கு நடப்பதைப் போல.

இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன். திருத்திய நகல் என்னுடையதை எளிதாக வென்றது.

அறையில் யாருமில்லை. அழித்தேன். பிறகு சாதிக் பாயையும் நஸ்ரீனையும் அழைத்தேன்.

"எது ஜாஸ்தி வேகம்? அத்த மட்டும் சொல்லு."

திரையைக் காட்டினேன். என் பக்கம் திறந்துவிட்டது. அவள் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது...

நஸ்ரீன் குனிந்து பார்த்தாள். "சார், நா புதுசு போட்டேனே?"

"இதாம்மா இருந்துச்சு."

பென் டிரைவைச் செருகினாள். அதில் இரண்டு நகல்களும் இருந்தன. சற்று நேரம் அவற்றையே பார்த்தாள். "நாந்தான் பழசையே ரெண்டு வாட்டி போட்டுட்டேன் போல..."

"காப்பி போடறதுலயே இவ்ளோ பேஜாரா?" சாதிக் பாய் எழுந்துகொண்டார். "நாளைக்கு லாட்டு மாறி கப்பல் ஏறிட்டா யாரும்மா பதில் சொல்றது? அவரே பாத்துக்கட்டும்."

அவர் போன பிறகு நஸ்ரீன் கேட்டாள். "இன்னொரு வாட்டி ஓட்டிக் காட்டலாமா சார்? நீங்க சொன்னா பாய் கேப்பாரு."

என்னிடம் கேட்டாள்! உலகத்தில் வேறு யாரிடம் கேட்டிருந்தாலும் அவளுக்கு நியாயம் கிடைத்திருக்கும்.

"அவரு முடிவு பண்ணிட்டாரேம்மா" என்றேன்.

தலைவரானேன். பொறாமை தீர்ந்ததா? வளர்ந்தது! லாட்டுகள் பிரிந்து சேரும் இடமெல்லாம் நான் தேர்ந்த கருவி தடுமாறுகிறது. அங்கெல்லாம் அவளே உட்கார்ந்து, தரவுத்தளத்தைக் கேட்கும் வினவல்களைக் கையால் எழுதிச் சரிசெய்கிறாள். என் தேர்வைக் குறைசொல்லி ஒரு சொல் பேசியதில்லை. அந்தப் பொறுமைகூட... ஏன் எனக்கு வாய்க்கவில்லை என்று எரிகிறேன்.

சென்ற வாரம் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அவள் பயிற்சி கொடுத்தாள். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

"எத அனுப்பினாலும் திறந்து பாத்துட்டு அனுப்புங்க. நா ஒருவாட்டி பழச அனுப்பி அசிங்கப்பட்டேன். டீம் லீடு ஆவ வேண்டியவ, கோட்டை விட்டேன்!" என்று சிரித்தாள். "நம்பலன்னா சாரையே கேளுங்க."

எல்லா முகங்களும் என் பக்கம் திரும்பின.

"ஆமா" என்றேன்.