சிறைப்பட்டவள் ஏன் காதலிக்க வேண்டும்?

எங்கள் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்த ஒரு பெண் தன் தோழியிடம் அழுதுகொண்டே சொன்னதை நான் ஒட்டுக் கேட்டேன். அதைக் காதல் கதையாக்கிப் பாராட்டு வாங்கினேன். தோழிதான் வெளியே சொல்லிவிட்டாள் என்று பழி விழுந்தபோது, உண்மை தெரிந்த ஒரே ஆளான நான் வாயைத் திறக்கவில்லை. அந்தத் தோழியே என்னிடம் கேட்டபோது பொய்யும் சொன்னேன்.

தண்டலம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். வீடு சுங்குவார்சத்திரத்தில். மாடியில் வரிசையாக அறைகள் கட்டி, எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்களுக்கு விட்டிருந்தோம். எல்லாரும் தெற்கத்திப் பிள்ளைகள். ஒருவரையொருவர் ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். "ஏ, திருச்சுழி, தண்ணி நிக்கப் போகுது, வாளிய வை" என்று காலையில் மாடியிலிருந்து சத்தம் கேட்கும். இந்தக் கதைக்கு உரியவர்கள் இரண்டு பேர். ஒருத்தியைக் கோவில்பட்டி என்றும் மற்றவளைக் கமுதி என்றும் எழுதுகிறேன். அவர்களுடைய நிஜ ஊர்கள் வேறு.

ஓய்வுக்குப் பிறகு பொழுது போகாமல், போனில் படிக்கிற கதைச் செயலி ஒன்றில் சரித்திரக் காதல் தொடர் எழுதத் தொடங்கினேன். புனைபெயர் ஒரு பெண்ணின் பெயர். ஆண் பெயர் இருந்தால் பெண்கள் மனம் விட்டுப் பேச மாட்டார்கள் என்று யோசித்தே வைத்தேன். வாசகிகள் என்னை 'அக்கா' என்றார்கள். நானும் 'தங்கச்சி' என்று பதில் போட்டேன். ஏதோ கல்வெட்டு ஆராய்ச்சி செய்கிறேன் என்றுதான் என் மனைவி நினைத்திருந்தாள்.

கதை இதுதான். ஒரு மன்னன் பகைவனின் கோட்டையை எரித்து, அவன் மகளைச் சிறையெடுத்து வருகிறான். அவள் அவனை வெறுக்கிறாள். அவன் அவளைப் பூட்டி வைக்கிறான், மிரட்டுகிறான், பட்டினி போடுகிறான். பிறகு ஒரு நாள் அவனுக்குக் காயம் படுகிறது, அவள் மருந்து போடுகிறாள், மனம் கரைகிறது. எவ்வளவு கொடுமை சேர்க்கிறேனோ அவ்வளவு வரவேற்பு. 'அக்கா, இவன் மேல கோவமும் வருது, விடவும் முடியல' என்று எழுதினார்கள். சிலர் முகம் சுளிக்கவும் செய்தார்கள். 'இது காதலா, கடத்தலா?' என்று ஒருத்தி கேட்டிருந்தாள். 'அந்தக் காலத்து வாழ்க்கையை இந்தக் காலத்துச் சட்டத்தால் அளக்கக் கூடாது, தங்கச்சி' என்று பதில் போட்டேன். அதற்கு நிறைய பேர் கைதட்டினார்கள். கல்வெட்டில் வரும் வேளம் என்ற சொல்லை, போரில் பிடித்த பெண்களையும் கொண்டுவந்து வைத்த இடம் என்று வகுப்பில் விளக்கியவன் நான். அந்தப் பெண்கள் என்ன நினைத்தார்கள் என்று எந்தக் கல்லிலும் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். இல்லாத இடத்தை என் வசதிக்கு நிரப்பிக்கொண்டேன்.

மாடியில் இருந்தவர்களும் என் வாசகிகள் என்பது தற்செயலாகத்தான் தெரிந்தது. நாள் முழுக்க லைனில் லென்ஸ் வழியாகப் பொடிப்பொடியான பாகங்களைப் பார்ப்பவர்களுக்கு, ஷிப்ட் முடிந்தால் கண் எரியும். போனைப் பார்க்கப் பிடிக்காது. அதனால் ஒருத்தி வாசிப்பாள். மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்கள். காலை ஷிப்ட் வாரங்களில் சாயங்காலம் மாடிப்படியில் மேலும் கீழுமாக உட்கார்ந்து, தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு கேட்பது வழக்கம். வாசிப்பது எப்போதும் கோவில்பட்டிதான். நான் எழுதும் அறையின் ஜன்னல் அந்தப் படிக்கட்டின் அடியில் இருந்தது. முதல் நாள் என் சொற்களை அவள் குரலில் கேட்டபோது உடம்பு சிலிர்த்தது. அதற்குப் பிறகு அந்த நேரத்தில் வெளியே போவதை நிறுத்திவிட்டேன்.

மன்னன் அவளைக் குதிரையில் தூக்கிப்போட்டுக்கொண்டு போகும் அத்தியாயத்தை அவள் வாசித்த நாள் நன்றாக நினைவிருக்கிறது.

"விடிய விடிய குதிரையிலயா?" என்றாள் ஒருத்தி. "நம்ம கம்பெனி பஸ்ஸுல ஒரகடம் போயிட்டு வந்தாலே இடுப்பு கழண்டு போகுது."

"ஏட்டி, அது ராசா குதிரை. நம்ம டிரைவரண்ணன் மாதிரி பள்ளத்துல எல்லாம் இறக்க மாட்டான்," என்றாள் கோவில்பட்டி.

"அப்படி ஒருத்தன் வந்து தூக்கினா, சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டுக்கூட போக மாட்டேன்."

"தூக்குறவன் உன் வெயிட்ட பாத்துட்டுத்தான் முடிவு பண்ணுவான்."

சிரிப்பு அடங்கியதும் கமுதியின் குரல் கேட்டது. அந்தக் கூட்டத்தில் அவள் வாய் திறந்து அதுவரை நான் கேட்டதில்லை.

"அந்தப் பிள்ளகிட்ட யாராச்சும் ஒரு வார்த்த கேட்டாய்ங்களா?"

"கதைய கதையா கேளுடி," என்று யாரோ சொன்னார்கள். பிறகு துணி எடுக்க, சோறு வைக்க என்று எல்லாரும் எழுந்து போனார்கள். கமுதியும் கோவில்பட்டியும் மட்டும் படியிலேயே இருந்தார்கள். கமுதி மெல்லப் பேசத் தொடங்கினாள்.

அவள் விருப்பம் கேட்காமல், உறவில் ஒருவனுக்கு அவளைக் கட்டிவைத்தார்கள். அங்கிருந்து தப்பித்துத்தான் அவள் வேலைக்கு வந்திருந்தாள். இவ்வளவு சொல்லலாம். தாலி ஏறிய நேரத்தில் சுற்றி நின்ற பெண்கள் என்ன செய்தார்கள், அதனால் அவளுக்கு என்ன ஆயிற்று என்பதையும் சொன்னாள். அதை இங்கே எழுத மாட்டேன். ஒரு தடவை எழுதியதே போதும். "உங்கிட்ட மட்டுந்தான் சொல்றேன், செத்தாலும் வெளிய விட்ராத" என்றாள். "எங்க அம்ம மேல சத்தியமா சொல்ல மாட்டேன்" என்றாள் கோவில்பட்டி.

நான் எழுந்து போயிருக்க வேண்டும். ஜன்னலையாவது சாத்தியிருக்க வேண்டும். நான் பேனாவை எடுத்தேன்.

அடுத்த அத்தியாயத்தில் மன்னன் சிறைப்பட்டவளுக்குக் கோயில் வாசலில் தாலி கட்டினான். கமுதி சொன்னது அப்படியே அங்கே வந்தது. அதன் முடிவில் நான் சேர்த்தது ஒன்றே ஒன்று: அந்தப் பெண்ணின் நெஞ்சுக்குள் முதன்முதலாக ஏதோ பூத்தது. தொடரிலேயே அதிகம் கொண்டாடப்பட்ட இடம் அதுதான். 'அக்கா, எப்படி இவ்வளவு நிஜமா எழுதுறீங்க?' என்று கேட்டார்கள். எனக்கு வெட்கம் வரவில்லை. பெருமையாக இருந்தது.

கமுதிக்கு அது தன் கதை என்று தெரியுமே என்ற யோசனை வராமல் இல்லை. பெயரும் காலமும் மாறிவிட்டதே, அவள் என்ன கண்டாள் என்று நினைத்தேன். படிப்பாளியின் திமிர்.

அன்று கோவில்பட்டி வாசித்துக்கொண்டே வந்து அந்த இடத்தில் தடுமாறினாள். குரல் நின்றது.

"ஏன் நிறுத்திட்ட?" என்றாள் கமுதி. "படி. மிச்சத்தயும் படி."

"ஏய், எனக்குத் தெரியாதுட்டி..."

"அந்த அக்காவுக்கு நீதான மெசேஜ் போடுவ? வேற யாருக்கு அவுகளத் தெரியும்? எவ்வளவு ஆசையா எழுதியிருக்காக பாத்தியா. நெஞ்சுல பூ பூத்துச்சாம்ல!"

"சத்தியமா நான் சொல்லல. எங்க அம்மயான..."

"அன்னைக்கும் இதே சத்தியந்தான்."

மற்ற பெண்களுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னடி, கதைக்குப் போய் அடிச்சுக்கிறீங்க?" என்றார்கள். கமுதியால் பதில் சொல்ல முடியவில்லை. சொன்னால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அந்த வாரமே அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு இருங்காட்டுக்கோட்டையில் ஒரு அறைக்குப் போய்விட்டாள். கோவில்பட்டி வாசல்வரை பின்னாலேயே போனாள். கமுதி திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்கால வாசிப்பு நின்றுபோனது. ஒரு நாள் 'அக்கா'வுக்குக் கோவில்பட்டியிடமிருந்து செய்தி வந்தது. 'அந்த சீன் உங்களுக்கு யாரு சொன்னா அக்கா? ஒரே ஒரு தடவ சொல்லுங்க. நான் சொல்லலன்னு அவளுக்குத் தெரிஞ்சா போதும்.'

'அது முழுக்க என் கற்பனை, தங்கச்சி' என்று எழுதி அனுப்பினேன். அவள் எனக்கு மேலே, தலைக்கு மேல் இருந்த அறையில் அதைப் படித்திருப்பாள்.

செயலியில் அவசரப்படுத்தினார்கள். 'சீக்கிரம் சேர்த்து வைங்க அக்கா, தாங்க முடியல.' சிறைப்பட்டவள் மன்னனிடம் தன் காதலைச் சொல்லும் அத்தியாயத்தை எழுத உட்கார்ந்தேன். வரவில்லை. அவள் வாயில் எந்தச் சொல்லை வைத்தாலும் கமுதியின் குரலே கேட்டது. அவன் செய்ததையெல்லாம் வரிசையாகப் பார்த்தேன். அவள் மனம் மாறுவதற்கு அதில் ஒரு காரணமும் இல்லை. காரணம் வேண்டியிருந்தது எனக்குத்தான்.

அந்த நாட்களில் என் மனைவி ஒரு சாயங்காலம் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். "அந்தக் கோயில்பட்டிப் பொண்ணு ரூம காலி பண்றேன்னு சொல்லுது. சோறே எறங்கல அதுக்கு. கூட இருந்தவ போனதுலேருந்து பித்துப் புடிச்சா மாதிரி கீது."

நான் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். நாற்பது பேர் உட்கார்ந்த வகுப்பில் கூசாதவன், சமையலறை வாசலில் நின்று தடுமாறினேன்.

அவள் அடுப்பை அணைத்தாள். "பொம்பள பேர வச்சிகினு பொம்பளைங்க கிட்ட பேசிகினு இருந்தியா?" என்றாள். ஆயுளில் முதல் தடவையாக அவள் என்னை ஒருமையில் கேட்டது அன்றுதான். பிறகு, "என்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? மேல போய்ச் சொல்லுங்க" என்றாள். அவளும் கூடவே ஏறி வந்தாள்.

கோவில்பட்டி முதலில் சிரித்துவிட்டாள். "நீங்களா சார் அக்கா? சும்மா விளையாடாதீங்க." நான் போனைத் திறந்து, அவள் அனுப்பியிருந்த செய்திகளைக் காட்டினேன். முகம் மாறியது.

"சார், நான் உங்ககிட்ட வயித்து வலி வரைக்கும் சொல்லியிருக்கேனே. பொம்பளன்னு நெனச்சுல்ல சொன்னேன்."

அதை நான் யோசிக்கவே இல்லை. ஒரு தவறைச் சொல்லப் போனவனுக்கு இன்னொரு தவறு அங்கே காத்திருந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவள் காதில் வாங்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"கெளம்புங்க. எங்கிட்ட சொன்னத அவகிட்ட வந்து சொல்லுங்க. ஆன்ட்டி, நீங்களும் வாங்க."

மூன்று பேரும் பஸ் ஏறினோம். என் மனைவி போன் செய்து கூப்பிட, இருங்காட்டுக்கோட்டையில் தன் அறைக்குப் பக்கத்து டீக்கடையில் கமுதி வந்து நின்றாள். கம்பெனி அடையாள அட்டை இன்னும் கழுத்தில் தொங்கியது. சுற்றி வளைக்காமல் சொன்னேன்: ஜன்னலுக்குப் பின்னாலிருந்து கேட்டேன், எழுதினேன், உன் தோழி கேட்டபோது பொய் சொன்னேன், அவள் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவள் என்னைப் பார்க்கவில்லை. கோவில்பட்டியைப் பார்த்தாள். "அப்ப நீ சொல்லலயா?"

"அன்னைக்கே சொன்னேன்ல. கேட்டாத்தான."

பிறகு கமுதி என் பக்கம் திரும்பினாள்.

"சார், அந்தப் பிள்ள கடைசில என்ன ஆவா?"

"அவனை விரும்புவாள் என்று வைத்திருந்தேன்."

"ஏன்?"

"படிக்கிறவர்கள் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள்."

"நானும் ஒரு எபிசோடு விடாமக் கேட்டவதான். நான் எதிர்பாக்கலயே."

முடிவை மாற்றுகிறேன் என்றேன். அவள் தப்பித்துப் போவது போல, அவன் தண்டனை அடைவது போல எழுதுகிறேன் என்றேன். என்னிடம் இருந்த பரிகாரம் அது ஒன்றுதான் என்று நினைத்தேன்.

"அதையும் நீங்களே எழுதாதீங்க," என்றாள் கமுதி. "எடுத்துருங்க. அவ்வளவுதான்."

மறுநாள் தொடர் முழுவதையும் செயலியிலிருந்து நீக்கினேன். ஒரு குறிப்பு மட்டும் போட்டேன்: நான் அக்கா இல்லை, வயதான ஓர் ஆண். நீங்கள் கொண்டாடிய இடம் ஒரு பெண்ணுக்கு நிஜமாக நடந்தது; அவளைக் கேட்காமல் எடுத்தேன். அவள் அவனைக் காதலிக்கவில்லை.

வசவு நிறைய வந்தது. பெண்ணாக நடித்ததற்காகத் திட்டினார்கள், அது நியாயம். 'இது காதலா, கடத்தலா?' என்று முன்பு கேட்டவள், 'அன்னைக்கு எனக்குச் சட்டம் பேசினீங்களே சார்' என்று மட்டும் எழுதினாள். சிலர் தங்கள் வீட்டில் நடந்ததை எழுதத் தொடங்கி, நான் ஆண் என்று நினைவு வந்தது போலப் பாதியில் நிறுத்தியிருந்தார்கள். ஆனால் பெரும்பாலோர் கேட்டது வேறு. 'அதெல்லாம் இருக்கட்டும் சார், கடைசியில ரெண்டு பேரும் சேர்ந்தாங்களா இல்லையா?' யார் யாரோ அந்தத் தாலி கட்டும் இடத்தை முன்பே நகலெடுத்து, பின்னணி இசையோடு குரல் கொடுத்து வீடியோவாகப் போட்டிருந்தார்கள். நீக்கச் சொல்லி எழுதினேன். ஒருவர் நீக்கினார். இன்னொருவர், 'நல்லாப் போயிட்டிருக்கு, ஏன் எடுக்கணும்?' என்று கேட்டார். பார்க்கும்போதெல்லாம் எழுதுகிறேன். அது என் கையை விட்டுப் போய்விட்டது.

இதை எழுதலாமா என்று கோவில்பட்டி மூலமாகக் கமுதியிடம் கேட்டேன். ஊரை மாற்றச் சொன்னாள். தாலி ஏறிய நேரத்தில் நடந்த அந்த ஒரு விவரத்தைத் தொடக் கூடாது என்றாள். என்னை மன்னித்ததாக அவள் சொல்லவில்லை.

கோவில்பட்டி அந்த மாதக் கடைசியில் அறையைக் காலி செய்தாள். சாவியை என் மனைவியிடம் கொடுத்து, "அவ ரூம்ல ஒரு ஆளுக்கு இடம் இருக்காம் ஆன்ட்டி, வரச் சொல்லிட்டா" என்றாள். சொல்லும்போது முகம் தெளிந்திருந்தது. நான் வாசலில்தான் நின்றிருந்தேன். "வாரேன் ஆன்ட்டி" என்று அவளிடம் மட்டும் சொல்லிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தாள்.