நாலு விரல் மடிப்பு

தையல் மிஷின் வைத்திருப்பவள் துணி தைக்கிறாள் என்றுதான் நினைப்பீர்கள், எம்.ரெட்டியபட்டியில் நான் பாதி நேரம் தைத்ததைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். பழந்துணியோடு மல்லுக்கட்டும் அக்கா தங்கைகளே, உங்களிடம் சொன்னால்தான் இது புரியும்.

வளருகிற பிள்ளை

பஞ்சவர்ணம் அக்கா பருத்தி எடுக்கப் போகிறவர். புருஷன் இறந்த பிறகு இரண்டு பெண் பிள்ளைகளும் அவர் கூலியில்தான். எட்டாவது வரை சீருடையை அரசாங்கம் கொடுத்துவிடும். மூத்தவள் செல்வி ஒன்பதாவது போனதும் துணி எடுக்கவேண்டி வந்தது. சுடிதார் பேன்ட்டின் அடியில் நாலு விரல் உள்ளே மடித்துத் தைக்கச் சொன்னார். பத்தாவது முடிகிற வரைக்கும் வர வேண்டுமாம். அதற்குள் பிள்ளை மளமளவென்று வளர்ந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று வம்புக்கு இழுத்தேன். அக்கா சிரிக்கவே இல்லை.

“மெதுவா வளரச் சொல்லிருக்கேன் தாயி.”

பழைய கோடு

செல்வி சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, வளர்ந்துவிட்டாள். மறு வருடம் மடிப்பைப் பிரிக்க உட்கார்ந்தேன். நல்ல மத்தியானம். எங்கிருந்தோ பஞ்சு மிதந்து வந்து மிஷின் மேல் உட்கார்ந்தது. எனக்குக் கண் சொருகியது. ஊர்ப் பெண்பிள்ளைகள் எல்லோரும் மடிப்பை அவிழ்த்துவிட்டுப் பருத்திக் காட்டுக்கு மேலே உயர்ந்துகொண்டே போவதாக அரைத்தூக்கத்தில் ஒரு கனவு. விழித்துப் பார்த்தால், வெளுத்த துணிக்குக் கீழே நாலு விரல் மட்டும் புது நீலம், நடுவே ஒரு கோடு. துணியை வாங்க வந்த செல்வியிடம், லேஸ் வைத்து மறைத்துத் தருகிறேன் என்றேன். செல்வி அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்தாள்.

“இருக்கட்டும்க்கா. அதுதான் போன வருசத்து நான்.”

ரிப்பேர்

பத்தாவது ரிசல்ட் வந்த வாரம் அக்கா தனியாக வந்தார். செல்வி பாஸ். ஆனாலும் பெண்பிள்ளைகளை வேலைக்கு ஏற்றிப்போகும் மில் வேன் வாசலுக்கே வருகிறது, அவளை அனுப்பத் தன் அண்ணன் பேசி முடித்துவிட்டார் என்றார். சீருடையை, ஏழாவது படிக்கும் சின்னவளுக்குப் பின்னால் ஆகும், பிடித்துத் தைத்துக் கொடு என்று நீட்டினார். எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவரைத் திட்ட எனக்கு என்ன உரிமை? வாயில் வந்ததைச் சொன்னேன், மிஷின் ரிப்பேர் என்று. சொல்லும்போதே என் கால் மிதித்துக்கொண்டிருந்தது, சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. அக்கா சக்கரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். சீருடையை மெல்ல மடித்துக் கையில் எடுத்துக்கொண்டார்.

“அப்ப ரிப்பேராவே இருக்கட்டும் தாயி. எங்கண்ணன் கேட்டா அதையே சொல்லிர்றேன். மிஷினு சரியாகுற மட்டும் பெரியவளே இதைப் போட்டுக்கிட்டுப் பள்ளிக்கூடம் போகட்டும்.”

இருபது வருடத் தொழிலில் தைக்காமல் விட்டு நான் நல்ல பெயர் வாங்கியது அந்த ஒரு துணிக்குத்தான்.